பெயருக்குள் இருந்த சட்டம்: ஹவாய் மீனவர்கள் மீனுக்குப் பெயர் வைத்த கதை

ஹவாய் மொழியில் மீனுக்கு ‘இஆ’ என்று பெயர். மலாய் மொழியின் ‘இக்கான்’, நியூசிலாந்து மவோரி மக்களின் ‘இக்கா’ எல்லாம் இதே சொல்தான். தென்கிழக்கு ஆசியப் பக்கமிருந்து பசிபிக் தீவுகளுக்குப் படகேறிப் போன ஒஸ்ரோனீசிய மக்கள், கிழங்கையும் கோழியையும் கொண்டுபோன மாதிரி இந்தச் சொல்லையும் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஆனால் ‘இஆ’ என்றால் மீன் என்று எழுதிவிட்டு நாங்கள் சும்மா போக ஏலாது. ஆமையும் இஆ. நண்டும், ஒக்டோபஸும், திமிங்கிலமும் இஆ. ஹவாய்க்காரருக்கு எங்கட சோறு மாதிரி இருந்தது ‘போயி’ எனப்படும் கிழங்குக் களி. அதோடு சேர்த்துத் தின்ன மீன் கிடைக்காத நாளில் ஒரு பிடி கடற்பாசியைத் தொட்டுக்கொண்டால், அண்டைக்கு அந்தப் பாசியும் இஆதான்.

இதைக் கேட்டுச் சிரிக்க முதல் ஒன்றை யோசிச்சுப் பார்க்கலாம். வானத்தில் மின்னுகிறதையும் நாங்கள் மீன் என்றுதான் சொல்கிறோம். ஐரோப்பிய விஞ்ஞானத்தில் உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ்கூட, 1735இல் போட்ட முதல் பதிப்பில் திமிங்கிலத்தை மீனோடுதான் வைத்திருந்தார். 1758இல் வந்த பத்தாம் பதிப்பில்தான் அதைப் பாலூட்டிகள் பக்கம் மாற்றினார். அதுக்கும் 60 வருசம் கழித்து, 1818இல், நியூயோர்க்கில் ஒரு வழக்கு வந்தது. மீன் எண்ணெய்க்கு உரிய பரிசோதனைக் கட்டணம் திமிங்கில எண்ணெய்க்கும் உண்டா என்பதுதான் கேள்வி. ஜூரிகள் திமிங்கிலத்தை மீன் பக்கமே சேர்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள்.

எது மீன், எது மீன் இல்லை, எது எந்த மீன் என்ற கேள்விகள் அறிவியல் வகுப்புக்குள் மட்டும் முடிகிறவை இல்லை. அதில் காசு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, யார் எதைத் தின்னலாம் என்பதும் இருக்கிறது. ஹவாயின் மீன் பெயர்களை இந்தக் கண்ணோடு பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு மீன், நாலு பெயர்

முதலில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மீனை எடுப்போம். நாங்கள் மணலை, திரளி என்று சொல்கிற வகை மீன் ஹவாயிலும் உண்டு. லின்னேயஸ் 1758இல் அதுக்கு வைத்த பெயர் மூஜில் செஃபலஸ். குஞ்சு என்றாலும் அதுதான் பெயர், முழங்கை நீள மீன் என்றாலும் அதுதான்.

ஹவாய் மீனவருக்கு அது காணாது. விரல் நீளத்தில் இருக்கும்போது அது ‘புவா அமா’. கை அளவுக்கு வந்தால் ‘கஹாஹா’. அதுக்கும் மேலே வளர்ந்தால் ‘அமஅமா’. ஓர் அடியைத் தாண்டி, முட்டை போடும் வயசுக்கு வந்தால் ‘அனயே’. ‘புவா’ என்றால் ஹவாய் மொழியில் பூ. மீன் குஞ்சுக்கும் அதே சொல், பரம்பரையில் வந்த பிள்ளைக்கும் அதே சொல்.

அனயேயும் ஒன்றில்லை, இரண்டு. கரையோரம் ஒரே இடத்தில் தங்குவது ‘அனயே-பலி’. ஊர்விட்டு ஊர் ஓடுவது ‘அனயே-ஹோலோ’. ஒவாஹு தீவில் புஊலோவா என்ற பெரிய கடல்வாய் இருக்கிறது. 1941இல் யப்பான் குண்டு போட்ட பேர்ள் ஹார்பர் என்று நாங்கள் படித்த அதே இடம்தான். அங்கேயிருந்து அனயே-ஹோலோ கூட்டம் வருசா வருசம் தீவைச் சுற்றி லாஇயே என்ற ஊர்வரைக்கும் போய்த் திரும்பி வரும். இதுக்கு அவர்களிடம் ஒரு கதை உண்டு. புஊலோவாப் பக்கம் இருந்த ஒருவனுடைய சகோதரி லாஇயேயில் வாழ்க்கைப்பட்டுப் போய், மீன் இல்லாமல் கஷ்டப்படுகிறாள். சகோதரன் தன் மீனையே அவள் இருக்கும் பக்கம் அனுப்பி வைக்கிறான். மீன் போகும் வழி, ஊர்களின் வரிசை, போய்த் திரும்பும் என்பது எல்லாம் அந்தக் கதைக்குள் இருக்கிறது. அண்ணன் தங்கச்சிக்குக் கொடுத்த சீர் என்று சொன்னால், பிள்ளைகளுக்கு அந்த வழி மறக்குமோ?

சரி, ஒரு மீனுக்கு ஏன் இத்தனை பெயர்? ஹவாயின் மீன் வளர்ப்புக் குளங்களைப் பார்த்தால் இது விளங்கும். கடலோரத்தில் கல்லால் வளைத்து அணை கட்டி, அதில் வாய்க்கால் விட்டு, வாய்க்காலில் ‘மாகாஹா’ எனப்படும் மரச் சட்டப் படல் ஒன்றை நிறுத்துவார்கள். படலின் இடைவெளிக்குள்ளால் புவா அமா உள்ளே வரும். உள்ளே இருக்கும் பாசியைத் தின்று கொழுத்த பிறகு அதாலே வெளியே போக ஏலாது. அப்படியென்றால் இந்தப் பெயர்கள் படலுக்கு உள்ளே வரும் மீன் எது, உள்ளே நிற்கும் மீன் எது, பிடிக்கக் கூடிய மீன் எது என்று பிரித்துச் சொல்கிற பெயர்கள். விஞ்ஞானப் பெயர் ‘இது யாருக்குச் சொந்தம், எந்தக் குடும்பம்’ என்று கேட்கிறது. மீனவர் வைத்த பெயர் ‘இதை இப்ப என்ன செய்யலாம்’ என்று கேட்கிறது. இரண்டும் சரியான கேள்விகள். ஆனால் இரண்டும் ஒரே கேள்வி இல்லை.

உஹு: பெயரால் ஏமாந்தது யார்?

கிளியின் அலகு மாதிரி வாய் உள்ள மீன்களை ஹவாயில் ‘உஹு’ என்பார்கள். உஹு என்பது தலைப்பெயர். அதுக்குப் பின்னால் நிறத்தையோ தோற்றத்தையோ சொல்லும் சொல் ஒன்று ஒட்டும். நாங்கள் பால் சுறா, கொம்பன் சுறா என்று முன்னால் ஒட்டுகிற மாதிரி, அவர்கள் பின்னால் ஒட்டுகிறார்கள். நீலப் பச்சையாக இருப்பது ‘உஹு உலிஉலி’. செம்மண் நிறத்தில் இருப்பது ‘உஹு அஹுஉலா’. அஹுஉலா என்றால் தலைவர்கள் போர்த்தும் சிவப்பு இறகுப் போர்வை.

20ஆம் நூற்றாண்டு தொடங்கின கையோடு அமெரிக்க மீனியலாளர்கள் இந்தச் சிவப்பு உஹுவைப் புதிய இனம் என்று பதிந்தார்கள். ஹவாய்ச் சொல்லையே எடுத்து, இலத்தீன் பெயரில் ‘அஹுலா’ என்றும் சேர்த்தார்கள். பிறகுதான் தெரிய வந்தது, அது புதிய இனமே இல்லை. நீல உஹுவின் பெண்தான் அந்தச் சிவப்பு உஹு. நீல உஹுவுக்கு 1879இலேயே விஞ்ஞானப் பெயர் வைத்தாயிற்று. இந்தக் குடும்பத்து மீன்களில் பெண்ணாக இருந்த மீன் பிறகு ஆணாக மாறி நிறமும் மாறும். அதாலே உலகம் முழுக்க இப்படி ஒரே இனத்தைப் பல இனமாக எழுதிய கதைகள் கனக்க இருக்கின்றன.

இதை வைத்து ‘மீனவருக்கு எல்லாம் தெரியும், விஞ்ஞானிக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஹவாய்க்காரரும் இரண்டுக்கும் இரண்டு பெயர்தான் வைத்திருந்தார்கள். ஆனால் இரண்டையும் உஹு என்ற ஒரே கூரைக்குக் கீழேதான் வைத்தார்கள். பெயரைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனவர்கள், அந்தப் பெயர் எந்த அமைப்புக்குள் இருந்தது என்பதைக் கொண்டு போகவில்லை. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கோ. பிறகு தேவைப்படும்.

யார் தின்னலாம்?

ஹவாயின் மீன் வகைப்பாட்டில் இன்னொரு கோடு இருந்தது. அது நல்ல கோடு இல்லை.

‘கப்பு’ என்றால் விலக்கு. பழைய ஹவாயில் ஆணும் பெண்ணும் ஒன்றாக இருந்து சாப்பிட ஏலாது. பெண்கள் தின்னக் கூடாத உணவுகள் என்று ஒரு பட்டியலே இருந்தது. பன்றி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழங்கள் அதில் அடங்கும். கடலில் இருந்து உலுவா எனப்படும் பெரிய பாரை, தாடையில் இரண்டு மீசை உள்ள கூமூ என்ற சிவப்பு மீன், ஆமை, திமிங்கிலம், ‘நியூஹி’ என்ற ஆளைத் தின்னும் பெருஞ்சுறா ஆகியவையும் அதில் இருந்தன. மீறினால் மரண தண்டனை வரை போகலாம். சில மீன்கள் கடவுளுக்குப் பன்றிக்குப் பதிலாகப் படைக்கக் கூடியவை. அமஅமாவும் அதில் ஒன்று. அதுக்குக் ‘கடல் பன்றி’ என்றே ஒரு பெயர்.

1819இல் முதலாம் கமேஹமேஹா மன்னர் இறந்த பிறகு, அவருடைய மனைவியர்களான கஅஹுமானுவும் கெஓபூஒலானியும் சேர்ந்து இந்த விலக்கை உடைத்தார்கள். இளம் மன்னர் லிஹோலிஹோ பெண்களோடு ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டார். கிறிஸ்தவ மிஷனரிகள் ஹவாய்க்கு வந்து இறங்கியது 1820இல். அவர்கள் வர முதலே இது நடந்து முடிந்துவிட்டது. உலுவா, கூமூ என்ற பெயர்கள் அப்படியே இருந்தன. ‘ஆம்பிளைகளின் மீன்’ என்ற வகை மட்டும் ஒரே சாப்பாட்டோடு இல்லாமல் போனது. பழைய வகைப்பாடு என்றால் மாறவே மாறாத ஒன்று என்று நினைக்கிறவர்களுக்கு இது நல்ல பதில். அந்தச் சமூகத்துப் பெண்களே அதைத் திருத்தினார்கள்.

மாறாமல் நின்ற விலக்குகளுக்கு வேறு காரணம் இருந்தது. ‘அக்கு’ என்பது எங்கட சூரை. ‘ஓபெலு’ என்பது கும்பளா மாதிரிக் கூட்டமாய்த் திரியும் சின்ன மீன். அக்கு பிடிக்கும் காலத்தில் ஓபெலு விலக்கு, ஓபெலு பிடிக்கும் காலத்தில் அக்கு விலக்கு. ஒன்று பிடிபடும்போது மற்றது பெருகும். மாதத்தின் முப்பது இரவுக்கும் முப்பது பெயர் இருந்தது. அதில் ஏழு இரவுகளுக்கு ‘ஓலே’ என்று பெயர். ஓலே என்றால் ‘இல்லை’. அந்த இரவுகளில் கடலுக்குப் போனால் கிடைப்பதும் அதுதான்.

ஒரு பெயர், ஒரு சட்டம்

ஹவாயில் நிலம் மலையில் இருந்து கடல் வரைக்கும் ஒரே துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதுக்கு ‘அஹுபுவாஆ’ என்று பெயர். அதை மேற்பார்த்தவர் ‘கொனோஹிக்கி’. 1839இல் மூன்றாம் கமேஹமேஹா மன்னர் கடலைப் பற்றி எழுத்தில் சட்டம் போட்டார். முருகைக்கல் பாருக்கு வெளியே உள்ள கடல் மக்களுக்குப் பொது. பாருக்கு உள்ளே உள்ள கடல் அந்த அஹுபுவாஆவின் கொனோஹிக்கிக்கும் குடிமக்களுக்கும் உரியது. கொனோஹிக்கி தனக்கென்று ஒரே ஒரு வகை மீனை மட்டும் விலக்கி வைக்கலாம். பிறகு வந்த சட்டத்தின்படி, அதுக்குப் பதிலாகக் குடிமக்களோடு கதைத்து, சில மாதங்களுக்கு மீன்பிடியை நிறுத்திவிட்டு, மற்றக் காலத்தில் பிடிபடுவதில் மூன்றில் ஒரு பங்கை எடுக்கலாம்.

கொனோஹிக்கிகள் தங்களுடைய மீன் எது என்று அரசுக்கு அறிவித்தார்கள். ஒருவர் ஒக்டோபஸ் என்பார், இன்னொருவர் அனயே என்பார். ஒரு ஊரின் விலக்கு மீன் அனயே என்றால், அங்கே அமஅமா பிடிக்கிற குடிமகனை மறிக்கலாமா? லின்னேயஸைக் கேட்டால் இரண்டும் ஒன்று. ஹவாய் மொழியைக் கேட்டால் வேறு வேறு. ஒரு குடும்பத்தின் அண்டைய சாப்பாடு இந்தச் சொல்லில்தான் நிற்கிறது. இது நிலவுடைமைத் தலைவர்களுக்குச் சாதகமான ஒழுங்கு என்பதை நாங்கள் மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் கரைக்கடல் யாரும் வந்து அள்ளிக்கொண்டு போகிற இடமாக இருக்கவில்லை. பெயர் தெரிந்தவருக்கு அங்கே உரிமையும் இருந்தது, கட்டுப்பாடும் இருந்தது.

1896 முதல் 1902 வரை

1893இல் லிலிஉஒகலானி அரசியின் ஆட்சியை அமெரிக்க வியாபாரிகளும் தோட்ட முதலாளிமாரும் சேர்ந்து கவிழ்த்தார்கள். 1896இல் வந்த சட்டம் பள்ளிக்கூடங்களின் போதனாமொழி ஆங்கிலம்தான் என்றது. 1898இல் ஹவாய் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது. 1900இல் அமெரிக்க கொங்கிரஸ் ஹவாயை ஆள்வதற்கான அடிப்படைச் சட்டத்தை நிறைவேற்றியது.

அந்தச் சட்டத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று பிரிவுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 94ஆம் பிரிவு, அமெரிக்க மீன்வள ஆணையாளர் ஹவாயின் மீன்பிடியையும் மீன்பிடி உரிமைகளையும் ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்கிறது. 95ஆம் பிரிவு, கடல் மீது இருந்த தனி உரிமைகளை நீக்கி, மீன் குளங்கள் தவிர்ந்த கடல் முழுவதையும் எல்லா அமெரிக்கப் பிரசைகளுக்கும் திறந்துவிடுகிறது. 96ஆம் பிரிவு, பழைய உரிமை இருக்கிறது என்பவர்கள் இரண்டு வருசத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போய் நிரூபிக்க வேண்டும் என்கிறது.

மீன்களைப் பட்டியல் போடச் சொன்ன அதே சட்டம்தான், அந்தப் பட்டியலை வைத்து வாழ்ந்தவர்களுடைய உரிமையை நீக்கியது. 1901இல் டேவிட் ஸ்டார் ஜோர்டன், பார்ட்டன் எவர்மன் என்ற இரண்டு பெரிய மீனியலாளர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். அவர்களுடைய நூலில் மீன்களின் ஹவாய்ப் பெயர்களும் கவனமாக எழுதப்பட்டிருக்கின்றன. அவர்கள் கெட்ட மனுசர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நூலில் பெயர் வெறும் சுட்டுப் பெயராகிவிட்டது. போத்தலில் போட்ட மீனுக்கு ஒட்டுகிற துண்டு. உஹுவுக்கு நடந்ததை ஞாபகப்படுத்துங்கோ. அங்கே ஒரு மீனின் பெயருக்கு நடந்தது, இங்கே ஒரு கடலுக்கே நடந்தது.

இதே நேரத்தில் இன்னொருவரும் எழுதிக்கொண்டிருந்தார். டானியல் கஹாஉலேலியோ, மாவுயி தீவின் லஹைனா ஊர்க்காரர். 2023 ஓகஸ்ட் தீயில் எரிந்த அதே லஹைனா. நீதிமன்றத்துக்குப் போகக் கொடுத்த இரண்டு வருசக் கெடு முடிகிற 1902இல், ‘கா நூபெபா கூஒகோஆ’ என்ற ஹவாய் மொழி வாரப் பத்திரிகையில் மீன்பிடித் தொழிலைப் பற்றி அவர் தொடராக எழுதினார். எந்த மீனுக்கு எந்த வலை, எந்தத் தூண்டில், கரையில் எந்த மலையையும் மேட்டையும் நேர்வைத்துப் பார்த்தால் கடலில் மீன் நிற்கும் பார் இருக்கும், பெற்றோரும் பாட்டனாரும் தனக்குக் காட்டித் தந்தது எது என்று எழுதினார். அந்தப் பத்திரிகையின் பெயருக்குச் ‘சுதந்திரப் பத்திரிகை’ என்று அர்த்தம்.

இரண்டு பட்டியல்களும் ஏறத்தாழ ஒரே வருசங்களில் வந்தவை. ஒன்று ஆங்கிலத்தில், உலகம் முழுக்க நூலகங்களில் கிடைக்கிறது. மற்றது ஹவாய் மொழியில். ஆறு வருசத்துக்கு முன்னமே பள்ளிக்கூடத்தில் இருந்து வெளியேற்றப்பட்ட மொழியில். கஹாஉலேலியோ யாருக்காக எழுதினாரோ, அந்தப் பேரப்பிள்ளைகளால் அதை வாசிக்க ஏலாமல் போகும் என்ற நிலை அப்பவே தொடங்கியிருந்தது. மேரி கவேனா புகூயி என்ற ஹவாய் அறிஞர் செய்த மொழிபெயர்ப்போடு அது நூலாக வெளிவந்தது 2006இல்தான். நூறு வருசத்துக்கும் மேலே.

சொல் திரும்பி வருகுது

கதை அதோடு முடியவில்லை. 1978இல் ஹவாய் மொழி மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. 1984இல் ஹவாய் மொழி மூலமான பாலர் பள்ளிகள் தொடங்கின. 1986இல் பள்ளிக்கூடங்களில் இருந்த தடை நீங்கியது.

இண்டைக்கு ஹவாய் மாநிலத்தின் மீன்பிடி விதிகளைப் பார்த்தால் ஆங்கில வசனத்துக்கு நடுவே பழைய சொற்கள் நிற்கின்றன. ‘புவா’ பிடிக்கக் கட்டுப்பாடு. அமஅமா 11 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் எடுக்கக் கூடாது. அது முட்டை போடும் டிசம்பர் முதல் மார்ச் வரை பிடிக்கவே கூடாது. மீனவர் பெயரில் வைத்திருந்த கோட்டைத்தான் அரசாங்கம் அளவுகோலாலே திரும்பக் கீறியிருக்கிறது. 1994இல் வந்த ஒரு சட்டம், ஊர் மக்களே தங்கள் கரைக்கடலுக்கு விதி வகுக்கலாம் என்று வழி திறந்தது. அதன்படி கவாய் தீவின் ஹாஏனா மக்கள் வகுத்த விதிகள் 2015இல் மாநிலச் சட்டமாகின. சட்டம் வந்ததில் இருந்து விதி வர 21 வருசம் பிடித்திருக்கிறது.

வரலாறு படிக்கிற எங்களுக்குக் கல்வெட்டு, தோம்பு, காணி உறுதி எல்லாம் மூலாதாரம் என்று சொல்லித் தருகிறார்கள். மீன் பெயர்களை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை நாட்டார் வழக்காறு, அல்லது அகராதிக்காரரின் வேலை. ஆனால் ஒரு அஹுபுவாஆவின் விலக்கு மீன் எது என்பது, அந்த ஊரின் எல்லைக்கல் எங்கே நின்றது என்பதைப் போன்ற ஒரு சான்றுதான். அமஅமாவுக்கும் அனயேக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் தொலைந்தபோது தொலைந்தது ஒரு சொல் மட்டும் இல்லை. முட்டை போடும் மீனை விட்டுவிடு என்று சொல்லக் கூடிய அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதும் அதோடு தொலைந்தது.

ஹவாயில் தூண்டிலை எடுத்துக்கொண்டு போகிறவரிடம் எங்கே போகிறாய் என்று கேட்டால், மீன்பிடிக்க என்று சொல்ல மாட்டார். ‘ஹோலோஹோலோ’ என்பார், சும்மா உலாத்தப் போகிறேன் என்று. மீனுக்குக் காது இருக்கிறதாம், கேட்டால் ஓடிவிடுமாம். அனயே-ஹோலோவில் இருக்கும் அதே ‘ஹோலோ’தான் இதுவும். ஆங்கிலம் மட்டும் கதைக்கிற ஹவாய்ப் பிள்ளைகளும் இந்தச் சொல்லை விடவில்லை.